குருவியின் பாட்டும் பிள்ளை பெற்றவளின் கண்ணீரும்



தலைமன்னார்ப் பக்கத்துப் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கூடு கட்டும் காலம் வந்ததும் ஆண் குருவியின் தலை மஞ்சளாகிறது. சத்தமிட்டுப் பெண் குருவியை அழைத்தபடி கூடு பின்னுகிறது. பறவையியல் மேதை சலீம் அலி 1930-இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் கிராமத்தில் இக்குருவிகளை ஆராய்ந்தார். ஆண் பாதி கட்டிய கூட்டைப் பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் குடியேறும் என்று கண்டார்.

காலம் முடிந்தால் அதே ஆண் குருவி நிறம் மங்கி அடங்கிவிடுகிறது. ஏன்? அதன் இரத்தத்தில் ஓடும் ஹோர்மோன்களின் அளவு மாறிவிடுகிறது.

இவற்றுள் ஸ்டீராய்டு என்ற வகை, கொலஸ்ட்ராலிலிருந்து உடலே தயாரிப்பது. ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் பெண்ணின் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோனும் இவ்வகையே. பெண் கனேரிப் பறவை அவ்வளவாகப் பாடாது. அதற்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் ஆணைப் போலப் பாடத் தொடங்கும். மூளையில் பாட்டுக்கென உள்ள பகுதிகளும் பெருக்கும். இதை அமெரிக்க அறிஞர் நொட்டபோம் 1980-இல் எடுத்துக்காட்டினார்.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு இரசாயனத்தின் மூலம் சேதி அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் இடங்களுக்கு வாங்கிகள் என்று பெயர். மைனா இனத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவையின் பாட்டுப் பகுதிகளில், நோரட்ரினலின் என்ற இரசாயனத்துக்கான ஒருவகை வாங்கிகள் பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைகின்றன. டெஸ்டோஸ்டிரோன் உயரும் பருவத்தில் அவை குறைவு. தாழும் பருவத்தில் அதிகம். 2002-இல் இது வெளியானது. ஹோர்மோன் மாறும்போது மூளை சேதி கேட்கும் விதமும் சேர்ந்தே மாறுகிறது.

குருவியின் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? மனித மூளையிலும் ஸ்டீராய்டுகளுக்கு வேலை உண்டு. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்ட்ரோன் பன்மடங்கு உயர்கிறது. அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள், மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' வாங்கிகளுக்குத் துணை செய்கிறது. பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே இவை சடுதியாக வீழ்கின்றன. அந்த வீழ்ச்சியைச் சில தாய்மாரின் மூளை தாங்குவதில்லை. அதே பொருளை மருந்தாக்கி, பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்கென அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள். அதைப் போல வேலை செய்யும் மாத்திரைக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது.

ஆகவே, நாற்பது நாளுக்குள் பிள்ளைத்தாய்ச்சி காரணமின்றி அழுதால், "பிடிவாதம்", "பிள்ளைப் பாசமில்லை", "பேய்க் கோளாறு" என்று பழி போடாதீர்கள். முதல் இரண்டு வாரத்து அழுகை பெரும்பாலும் தானே தீரும். அவளைத் தூங்க விடுங்கள். இரவில் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு நீடித்தாலோ, உணவும் உறக்கமும் கெட்டாலோ, வீட்டுக்கு வரும் மிட்வைப்பிடம் மறைக்காமல் சொல்லி டாக்டரிடம் காட்டுங்கள். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருகிறது என்றால், அவளைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மாமிமாரே, உம்மாமாரே! காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோமல்லவா? இந்த நோய் தொட்டால் தெரியாது. அருகில் அமர்ந்து, "மகளே, மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால்தான் தெரியும்.