கொல்லையில் கோழி வளர்க்கலாமா?

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில மாதங்களுக்கு முன்பு எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்தது. கொண்டுவந்தவர் என் உம்மா. கிராமத்து வீட்டை விற்றுவிட்டு எங்களோடு நகரத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. வந்த நாள் முதல் அவர் முகத்தில் தெளிவில்லை. உணவு, தொழுகை, உறக்கம் என்று நாள்கள் நகர்ந்தன. ஒருநாள், "எனக்கென்று இங்கே ஒரு வேலையும் இல்லையே மகனே" என்றார். மறுநாள், "கொல்லை சும்மாதானே கிடக்கிறது? நாலு கோழி வாங்கித் தந்தால் நான் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். என் மனைவி மட்டும் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வேண்டாமென்று சொல்லவில்லை மாமி. ஆனால் எச்சம் கொல்லையோடு நிற்குமா? தொழுகின்ற கூடம் வரை வந்தால் யார் கழுவுவது?" என்று கேட்டார்.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆகவே உடனே தீர்ப்புச் சொல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அனைவரும் அமர்ந்து மஷூரா செய்தோம். அன்று பேசியவை பிற இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரவு செலவு. நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடாது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு அமர்ந்துவிடும். ஓராண்டில் ஒரு கோழி 60 முதல் 80 முட்டை இட்டாலே நல்லது. நான்கு கோழிகளுக்கும் சேர்த்து, நாளொன்றுக்கு ஒரு முட்டைகூட உறுதியில்லை. நாங்களோ ஆறு பேர். கிராமத்தில் கோழி தானே மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அடைத்து வளர்த்தால் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் தீனி வேண்டும். நான்குக்கும் மாதம் 12 கிலோ. முட்டைச் செலவு மிச்சமாகும் என்ற எண்ணம் இந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. முட்டையே குறியென்றால், அதற்கென்றே உருவாக்கப்பட்ட கிராமப்பிரியா போன்ற இனங்களை நாடலாம். உம்மாவோ தமக்குப் பழகிய நாட்டுக்கோழிதான் வேண்டும் என்றார்.

இரண்டாவது நோய். இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூண்டு காலியாகிவிடும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசியும் போடுவது முறை. அரசு கால்நடை மருந்தகத்தை அணுகினால் வழி காட்டுவார்கள். மனிதருக்கும் எச்சரிக்கை தேவை. கோழியையும் கூண்டையும் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவியே ஆக வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கோழிகளோடு கொஞ்சி விளையாட விடாதிருப்பது நன்று.

மூன்றாவது தூய்மை. கோழியின் எச்சம் நஜீஸ் என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டம். எனவே என் மனைவியின் கவலை வெறும் சலிப்பன்று. அவர் மூன்று நிபந்தனைகள் விதித்தார்: கொல்லையைச் சுற்றிக் கம்பிவலை, கொல்லைக்கென்று தனிச் செருப்பு, கூண்டைக் கழுவும் வேலை என் மகனுக்கு.

நான்காவது அண்டை வீடு. எங்கள் சுவரை ஒட்டி நோயுற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இரவில் உறக்கம் வராமல் விடியும் நேரத்தில்தான் கண்ணயர்வார். அந்நேரத்தில் சேவல் கூவினால் என்னாகும்? அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி மேடைகளில் கேட்கிறோமே, அதைக் கடைப்பிடிக்கும் இடம் இதுவே. எனவே சேவல் வேண்டாம் என்று முடிவாயிற்று. "சேவலில்லாமல் முட்டையிடுமா?" என்று வியந்தான் மகன். இடும்; குஞ்சு மட்டும் பொரியாது.

ஐந்தாவது பொறுப்பு. கல்யாணம், மையித்து என்று குடும்பத்தோடு வெளியூர் போனால் தீனியும் தண்ணீரும் வைப்பவர் யார்? பூனையை அடைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டனைக்கு ஆளானதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்திருப்பது நமக்குத் தெரிந்ததே. அண்ணன் மகன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். அவன் ஒப்புக்கொண்ட பிறகே கூண்டு செய்யச் சொன்னோம். முட்டை நின்றபின் அறுப்பதா என்ற பேச்சும் வந்தது. பெயரிட்டு வளர்த்ததை உண்ண மாட்டோம் என்று பிள்ளைகள் அழாக்குறையாகச் சொன்னதால், அதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொண்டோம்: பெயர் வைப்பதில்லை.

தடுப்பூசி போடப்பட்ட விடைக்கோழிகள் நான்கு வந்தன. இரண்டாம் வாரமே ஓர் இரவு மகன் தாழ்ப்பாள் போட மறந்தான். விடிந்து பார்த்தால் ஒன்று கடியுண்டு செத்துக் கிடந்தது. மரநாயோ பூனையோ தெரியவில்லை. புதைத்துவிட்டு நின்ற பேரனை உம்மா கடிந்துகொள்ளவில்லை. "வாயில்லா ஜீவன் நம்மை நம்பித்தானே வாப்பா கூண்டுக்குள் போகிறது?" என்று மட்டும் சொன்னார். அன்றுமுதல் இஷாவுக்குப் பின் அவன் இருமுறை போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறான்.

முட்டையைக் கடையில் இன்னமும் வாங்குகிறோம். என் மனைவிக்குக் கோழிகள்மீது பெரிய பிரியம் வந்துவிடவில்லை. நிபந்தனைகள் காக்கப்படுவதால் மனக்குறையும் இல்லை. உம்மாவோ ஃபஜ்ரு தொழுததும் கொல்லைக் கதவைத் திறக்கிறார். முதல் முட்டையைச் சுவருக்கு அப்பால் இருக்கும் பெரியவருக்குத்தான் கொடுத்தனுப்பினார்.

வாசக சகோதரிகளே! உங்கள் இல்லத்திலும் இந்தப் பேச்சு எழுந்தால், கோழி என்ன தரும் என்று முதலில் கேட்காதீர்கள். யார் கழுவுவது, யார் தீனி வைப்பது, யார் தாழ்ப்பாள் போடுவது என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையெனில் கடை முட்டையே போதும், அதில் குறையொன்றுமில்லை.