ஊசிமுனையில் ஒரு பாதிரிப்பூ

மரத்தின் பெயரால் ஊர் அமைவது தமிழகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. கடலூரின் ஒரு பகுதி திருப்பாதிரிப்புலியூர். தில்லை பிச்சாவரத்து உப்பங்கழியில் வளரும் மரம். பாதிரி பாடலீசுவரர் கோயிலின் தலமரம். ஆயினும் இவ்விரு ஊர்களையும் சேர்ந்த நம் மாணவியர் துணியில் பூவேலை பழகத் தொடங்கும்போது, அவர்தம் கையிலுள்ள படிவத் தாள்களில் ரோஜாவும் டியூலிப்பும் டெய்சியுமே மிகுதியாகக் காணப்படுகின்றன. தில்லைக்கும் பாதிரிக்கும் அங்கே இடமில்லை.

கைப்பூத்தையலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் பலர். அது கண்ணையும் கையையும் ஒருசேரப் பழக்கும் கல்வி என்பதும், கூலிக்கும் மதிப்புக்கும் உரிய தொழில் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

ஊசித்தொழில் நமக்குப் புதிதன்று. புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம், துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. நூலிழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மையும் பூவேலைப்பாடும் கொண்ட ஆடையைப் பாம்பின் தோலுக்கு ஒப்பிடுகிறது பொருநராற்றுப்படை. ஆடையில் பூவைக் கண்டு மகிழும் சுவை நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது.

பிற்காலத்தில் அச்சுவை கடல் கடந்தது. கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட பரங்கிப்பேட்டைத் துறையிலிருந்து துணிப்பொதிகள் கப்பலேறின. 1690-இல் ஆங்கிலேயர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். அவர்கள் இக்கரையை நாடி வந்ததற்குத் துணி வாணிகமே தலையாய காரணம். சோழமண்டலக் கரையின் பூத்துணி ஐரோப்பியரை எவ்வளவு கவர்ந்ததென்றால், தம் நாட்டு நெசவாளர் நலிவர் என்று அஞ்சி 1686-இல் பிரான்சும், 1701-லும் 1721-லும் இங்கிலாந்தும் அதற்குத் தடைச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அந்தப் பூக்கள் ஊசியால் தைத்தவை அல்ல. எழுதுகோலாலும் சாயத்தாலும் தீட்டியவை. ஆனால் அதே காலத்தில் குஜராத்திலிருந்து சங்கிலித்தையலால் பூக்கொடி தைத்த துணிகளும் ஐரோப்பா சென்றன. அத்தொழிலில் பேர்பெற்ற மோச்சி வகுப்பினர், தோல் தைக்கும் கொக்கியூசியையே துணிக்கும் பயன்படுத்தினர். இன்று நம் ஊர்களில் மணப்பெண்ணின் இரவிக்கைக்குப் போடும் 'ஆரி வேலை' அந்தக் கொக்கியூசியின் வழிவந்ததே.

இக்காலத்தில் தொடக்கநிலையினர் பலரும் எடுத்த எடுப்பிலேயே ஆரி வகுப்பிற்குச் செல்ல விரும்புகின்றனர். விரைவாகக் கற்று விரைவாகப் பொருளீட்டலாம் என்பது அவர்களின் எண்ணம். அதில் தவறில்லை. எனினும் சாதாரண ஊசியில் கை பழகாமல் ஆரியைத் தொடுவது, எழுத்துப் பழகாமல் கட்டுரை எழுத முனைவதை ஒக்கும். ஆரியின் அடிப்படை ஒரே ஒரு சங்கிலித்தையல். அதன் இறுதி முடிச்சு சரியாக விழாவிடில், நூலை இழுத்த மாத்திரத்தில் வரிசை முழுதும் அவிழ்ந்துவிடும். சாதாரண ஊசியோ ஒவ்வொரு குத்திலும் துணியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் எண்ணிப் பார்க்க வைக்கிறது. அந்தப் பொறுமையே இக்கலையின் முதற்பாடம்.

தொடங்குவோர்க்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஒரு மர வளையம், நுண்ணிய ஊசி, சிறு கத்தரி, ஆறிழை நூற்கட்டுகள் சில, வெளிர்நிறப் பருத்தித் துணி ஆகியவை போதும். துணியை முதலில் நனைத்து உலர்த்துக. பின்னர்ச் சுருங்கிப் பூவைக் கெடுக்காது. சிவப்பு, கருநீல நூல்களை ஈரமான வெள்ளைத்துணியில் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க. ஆறிழைகளில் இரண்டை மட்டும் பிரித்து, ஒரு முழ நீளத்திற்கு மேற்படாமல் வெட்டிக்கொள்க. நீண்ட நூல் சிக்கும். துணியில் உரசி உரசி நைந்தும் போகும்.

படிவத்திற்குப் பாதிரியையே எடுத்துக்கொள்ளலாம். அது குழல்வடிவப் பூ. வாயில் ஐந்து மடல்கள். உள்ளே மெல்லிய பஞ்சுமயிர். செவ்வரக்கில் தோய்த்த ஓவியனின் தூரிகையைப் போன்றது பாதிரிப்பூ என்று நற்றிணைப் புலவர் ஒருவர் கண்டார். அத்தகைய கூர்ந்த பார்வையே பூத்தையலுக்கும் வேண்டும். பூவை நேரில் கண்டு தாளில் வரைந்து, கார்பன் தாள் வைத்துத் துணிக்கு மாற்றுக. காம்பிற்குக் காம்புத்தையல், குழலுக்கு நெடிதும் குறிதுமாக மாறிமாறி வரும் நிரப்புத்தையல், மடலின் ஓரத்திற்குச் சங்கிலித்தையல், பஞ்சுமயிருக்குச் சிறு முடிச்சுத்தையல், எதிரெதிராக அமைந்த சிற்றிலைகளுக்கு மீன்முள் தையல். இவ்வைந்தும் கைவந்தால் எந்தப் பூவையும் தைக்கலாம்.

"கணினிப் பொறி சில நிமிடங்களில் தைப்பதற்கு ஏன் பல மணி நேரம் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று பெரியோர் வினவலாம். நியாயமான வினாவே. ஒரே பூவை ஆயிரம் துணிகளில் ஒன்றுபோல் தைக்கப் பொறியே ஏற்றது; அப்போட்டியில் கை வெல்லாது. ஆனால் நீலகிரித் தோடர் பெண்கள் படிவம் ஏதுமின்றி இழைகளை எண்ணியே, வெள்ளைத்துணியில் கறுப்பும் சிவப்புமாகத் தைக்கும் வேலைப்பாடு 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. லக்னோவின் சிக்கன் பூவேலை 2008-இலேயே அதைப் பெற்றுவிட்டது. பொறி மலிந்த காலத்திலும் இவை நிலைத்திருப்பது, அவ்வம் மண்ணின் அடையாளத்தைக் கைவிடாமையால்தான்.

லக்னோ நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. அங்கே சிக்கன் தைப்போர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே உழைக்கும் பெண்கள். அவர்களுள் முஸ்லிம் பெண்கள் மிகப் பலர். உலகப்புகழ் பெற்ற அந்தத் துணியின் விலையில் பெரும்பங்கு நெடுங்காலமாக இடைத்தரகரிடமே தங்கியது. 1984-இல் அங்குத் தோன்றிய 'சேவா' அமைப்பு, தைப்பவரே நேரடியாக விற்க வழிகண்டது. வீட்டுக்குள் நடப்பதனாலேயே ஒரு வேலை 'சும்மா இருந்த நேரத்தில் செய்தது' ஆகிவிடாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கமீசின் கழுத்தைச் சுற்றி ஏழு பூக்கள். பூ ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மொத்தம் 14 மணி நேரம். ஏறத்தாழ இரண்டு நாள் உழைப்பு. கட்டட வேலைக்கு வரும் சித்தாளின் இரண்டு நாள் கூலியைக் குறைத்துக் கொடுக்க நமக்கு மனம் வருமா? தைத்துக் கொடுத்த பெண்ணிடம் மட்டும் நூல்விலையோடு சிறிது சேர்த்துக் கொடுத்து, "நம் பிள்ளைதானே" என்று பேசி முடித்துவிடுகிறோம். உறவின் பெயரால் உழைப்பைச் சுருக்குவது அறமாகாது. தைப்பவரும் தாம் செலவிட்ட மணிகளைக் குறித்துவைத்து விலை சொல்லப் பழக வேண்டும்.

இது பெண்டிர்க்கே உரிய கலை என்று எண்ணுவதும் பிழை. காஷ்மீரத்துச் சால்வையின் சோஸ்னி வேலையிலும், பொன்னிழைச் சர்தோசி வேலையிலும் ஆண்களே வழிவழியாகப் பேர்பெற்றுள்ளனர். நம் மாணவரும் ஊசி பிடிக்கலாம்.

தமிழ்த்துறை இதில் ஒரு பணி ஆற்ற இயலும். இலக்கியம் பேசும் பூக்களுள் நம் வட்டாரத்தில் இன்றும் பூப்பவை எவை என்று மாணவர் தேடட்டும். பாதிரி, புன்னை, தாழை, நெய்தல் ஆகியவற்றை நேரில் கண்டு வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற தையலின் தமிழ்ப்பெயரையும் எழுதி, ஒரு படிவ ஏடு ஆக்கட்டும். அவ்வேடு கையில் இருந்தால், அடுத்து ஊசி பிடிக்க வரும் மாணவி தன் ஊர்ப்பூவிலிருந்தே தொடங்குவாள். அவள் கைவேலைக்கு உரிய கூலியைக் கொடுக்கும் கடமை பெரியோராகிய நம்முடையது.