நான்காவது கட்டம்

'கோ, வென்ட், கான். ஸீ, ஸா, ஸீன். டேக், டுக், டேக்கன்.' காலை வேளையில் எங்கள் வகுப்பு வராந்தா வழியாகச் செல்வோர் யாவருக்கும் இந்த ஓசை பழக்கமானதுதான். ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற வினைச்சொற்கள் ஏறத்தாழ 200 உண்டு. அவற்றை மூன்று கட்டங்களில் எழுதி, நான்காவது கட்டத்தில் பொருளையும் எழுதி, மனப்பாடம் செய்து ஒப்பித்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று நாங்களும் நம்பினோம். இன்று அந்த நம்பிக்கை எங்களுக்கு இல்லை. ஏன் என்பதைப் பெரியோர்கள் முன்னும் தோழியர் முன்னும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நம் புதுவை 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல இன்னும் நம்மிடையே உள்ளன. அத்தகைய ஒரு வீட்டிலிருந்து எட்டாம் வகுப்பில் ஒருத்தி எங்களோடு சேர்ந்தாள். சிறு வயதைப் பிரான்சில் கழித்தவள். பாட்டியிடம் தமிழ், மற்ற எல்லோரிடமும் பிரெஞ்சு. அவள் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிட்டோம்.

வினைச்சொல் பட்டியலை அவளைப் போல் ஒப்பிக்க எங்களில் ஒருவரும் இல்லை. ஆனால் வாய் திறந்து பேசிய முதல் நாளே, "ஐ ஹேவ் ஸீன் மேரி எஸ்டர்டே" என்றாள். நாங்கள் சிரித்தோம். இன்னொரு நாள், "சிஸ்டர் லேர்ன்ஸ் அஸ் இங்கிலீஷ்" என்றாள். சிஸ்டரா நம்மிடம் படிக்கிறார் என்று மறுபடியும் சிரித்தோம். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் ஆங்கில வகுப்பில் அவள் தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியலை மட்டும் பிழையின்றி எழுதிக் கொடுப்பாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள்? ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய பிறகே அது விளங்கிற்று. பிரெஞ்சுப் பேச்சில் 'நேற்று பார்த்தேன்' என்பதற்கு 'ஜே வ்யூ' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் ஸீன்'தான்! ஒரே சொல்லில் அமைந்த இறந்தகாலம் பிரெஞ்சில் உண்டு. ஆனால் இன்று அது பெரும்பாலும் புத்தகங்களில்தான் வாழ்கிறது. ஆகவே இரண்டாம் கட்டத்துச் சொல் வேண்டிய இடத்தில் அவள் மூன்றாம் கட்டத்துச் சொல்லை எடுத்தாள். தமிழிலோ 'பார்த்தேன்' வேறு, 'பார்த்திருக்கிறேன்' வேறு. அந்த வேறுபாட்டை நாங்கள் தாய்மடியிலேயே கற்றுவிட்டோம். இதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் என்ன இருக்கிறது?

'டீச், டாட், டாட்' என்ற சொல்லும் அப்படியே. பிரெஞ்சில் 'அப்ராந்த்ர்' என்ற ஒரே சொல் கற்பதையும் குறிக்கும், கற்பிப்பதையும் குறிக்கும். பட்டியலின் நான்காவது கட்டத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்தால் பிள்ளை எதைக் கண்டுகொள்ளும்? 'டூ', 'மேக்' இரண்டுக்கும் பிரெஞ்சில் பெரும்பாலும் 'ஃபேர்' ஒன்றே போதும். நமக்கும் 'செய்' ஒன்றே போதும். அதனால்தான் நாங்களும் 'மேட் எ மிஸ்டேக்' என்று எழுதாமல் 'டிட் எ மிஸ்டேக்' என்று எழுதிச் சிவப்பு மை வாங்குகிறோம். எங்களைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை. வகுப்பே அந்தத் தவற்றைச் செய்ததால்!

இன்னொரு வியப்பையும் கண்டோம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக ஆங்கிலத்தில் புகுந்தன. ஃபினிஷ், பனிஷ், சர்வ் போன்ற அந்த வினைகள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கின்றன. 'கேட்ச்' போன்ற சில மட்டும் வந்த வீட்டின் பழக்கத்தைக் கற்று 'காட்' என்று மாறிக்கொண்டன. உண்பது, குடிப்பது, உறங்குவது, வருவது ஆகிய அன்றாட வினைகளே ஒழுங்கற்றவை. ஆகவே பிரெஞ்சு பேசும் பிள்ளைக்குப் பெரிய ஆங்கிலச் சொற்கள் எளிது. அடுப்பங்கரைச் சொற்களே கடினம். அடுப்பங்கரைச் சொற்களை அட்டவணையில் கற்க முடியுமா?

"மனப்பாடம் வேண்டாம் என்கிறீர்களா?" என்று பெற்றோர் கேட்கலாம். வேண்டும். பட்டியல் இன்றி எங்களால் தேர்வு எழுத இயலாது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 'வா' என்னும் பகுதி 'வந்தாள்' என்பதில் 'வ' எனக் குறுகுவது விகாரம் என்று தமிழ் இலக்கண வகுப்பில் படிக்கிறோம். அதைப் படிக்கும் முன்பே பத்தாண்டுகளாக 'அம்மா வந்தாள்' என்று பிழையின்றிச் சொல்லிவந்தோமே! முதலில் வந்தது வாக்கியம். பிறகு வந்தது இலக்கணம்.

பிரெஞ்சு வகுப்பில் எங்கள் முறையும் வந்தது. 'போனேன்' என்பதற்கு எங்களில் பலர் 'ஜே அல்லே' என்றோம். அங்கே 'ஜ சுயி அல்லே' என்றே சொல்லவேண்டும். 'போனவளாக இருக்கிறேன்' என்பது போல. எங்கள் தோழி முன் பெஞ்சில் அமர்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. இடைவேளையில் எங்கள் நோட்டை வாங்கி, ஒவ்வொரு வினைக்கும் எதிரே நாங்கள் அன்று செய்த ஒரு வேலையை வாக்கியமாக எழுதிக் கொடுத்தாள். அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கத்தை எந்தத் தண்டனையும் தந்ததில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுவே: நான்காவது கட்டத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவதை நிறுத்துவோம். அங்கே நேற்று நடந்த ஒன்றைப் பற்றி ஒரு வாக்கியமும், இதுவரை நடந்ததைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதுவோம். வாரம் ஒரு வகுப்பேனும் பட்டியலை மூடிவைத்துப் பேச ஆசிரியைகள் எங்களை அனுமதிக்க வேண்டுகிறோம். தோழியரே, பிழையாகப் பேசுகிறவளைக் கண்டு சிரிக்கவேண்டாம். அவள் நாவில் வேறொரு மொழி இருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த மொழியை ஒருநாள் அவளிடமே நாம் கற்க நேரும்.

இவ்வாண்டு அவள் மறுபடியும் ஆங்கில வகுப்பில் கை தூக்குகிறாள். சென்ற மாதம், "ஐ ஸா மேரி எஸ்டர்டே" என்று சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.