மாலைக்கண்ணும் அக்கா மகளும்



அமிர்தியில் நான் பாடம் நடத்திய காலத்தில், பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவி நடக்கும் பையன் ஒருவன் இருந்தான். "முருங்கைக்கீரை சாப்பிடுடா, மாலைக்கண் சரியாயிடும்" என்றேன். சாப்பிட்டான். சரியாகவில்லை. இருபது வயதுக்குள் பக்கவாட்டுப் பார்வையும் போய், குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகிவிட்டது.

கீரையால் தீருவது வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண். இவனுக்கு வந்தது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற மரபணு நோய். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் விழித்திரைக் குச்சி செல்கள் முதலில் அழியும்.

அவன் அப்பா கட்டியது சொந்த அக்கா மகளை.

இந்த நோய் பல குடும்பங்களில் ஒளிந்துதான் வருகிறது. பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது. மாமன் மகள், அத்தை மகன் என்றால் எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒரே பழுது இரு பக்கமும் சேர்வது எளிது.

ஊரோ தாயை மட்டும் பழித்தது. பாதி தகப்பன் கொடுத்தது என்று யாரும் சொல்லவில்லை.

"சொத்து வெளியே போகக் கூடாது" என்பவர்கள் கோபித்தாலும் சொல்கிறேன்: குடும்பத்தில் இப்படிப் பார்வைக் குறை இருந்தால் சொந்தத்தில் சம்பந்தம் வேண்டாம். ஏற்கெனவே கட்டியவர்கள் பயப்படாமல் மரபணு ஆலோசனை கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. நமக்குப் பக்கம்தானே!

அன்று தெரியாமல் கீரை சொன்ன வாத்தியார், இன்று தெரிந்ததைச் சொல்கிறேன்.