சொல்லவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்

கலியாணப் பத்திரிகை அச்சடித்து ஊர் முழுவதும் கொடுப்பது ஒரு காரியம், பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா, அம்மா?" என்று கேட்பது வேறொரு காரியம். முதற் காரியத்தை எவ்வளவு ஆடம்பரமாகச் செய்தாலும் அது இரண்டாவதற்கு ஈடாகாது. குடும்பஸ்தர்களுக்கு இது தெரிந்த விஷயந்தான். ஆனால், அபிவிருத்தித் திட்டங்களை வகுக்கிறவர்களும், அவற்றைப் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை வகிக்கிறவர்களும் இதை அடிக்கடி மறந்து விடுகிறார்கள். பத்திரிகை அச்சாகி விட்டது, ஆகவே சம்மதமும் கிடைத்து விட்டது என்று எண்ணிக் கொள்கிறார்கள்.

செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரையை எடுத்துக் கொள்வோம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் உள்ள அந்தக் கரையில், பத்திரிகை அச்சடிக்கும் வித்தையில் நம் சர்க்கார் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்பதை 1922-ல் அல்ல, 2022-ல் பார்த்தோம். ருஷியாவில் நடக்க இருந்த செஸ் ஒலிம்பியாட் யுத்தத்தின் காரணமாக இடம் மாறி மாமல்லபுரத்துக்கு வந்தது. ஏற்பாடு செய்வதற்குக் கிடைத்த அவகாசம் சில மாதங்களே. அதற்குள் வேஷ்டி கட்டிக் கைகூப்பி நின்ற 'தம்பி' என்னும் குதிரை, பட்டி தொட்டியெல்லாம் பிரசித்தமாகி விட்டது. சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வர்ணம் பூசினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சதுரங்கப் பலகையும் கையுமாக அலைந்தார்கள். ஜூலை 28-ம் தேதி ஆரம்பித்து ஆகஸ்டு 10-ம் தேதி முடிவதற்குள், 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் பல்லவர் பட்டினத்தின் பெயரை உச்சரிக்கக் கற்றுக் கொண்டார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனம் வைத்தால் ஒரு செய்தியை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டு போய்ச் சேர்க்க நம்மால் முடியும் என்பது அதனால் ருசுவாயிற்று.

விழாவுக்கு இது போதும். விழாவைப் பற்றி ஜனங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி அதிகமில்லை. ஆனால், ஜீவனத்தையே தொடுகிற திட்டங்கள் வரும்போது என்ன நடக்கிறது?

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே நெம்மேலியில் 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல நீர் தரக்கூடியது. சென்னை நகரத்தின் தென்பகுதிக் குடும்பங்களுக்கு அது பேருபகாரம். கோடைக்காலத்தில் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால், நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்களோ, "கரை அரித்துப் போகிறதே, படகை எங்கே நிறுத்துவோம்?" என்று முறையிட்டார்கள். தண்ணீர் குடிக்கிறவர்கள் ஓர் ஊரில்; கேள்வி கேட்கிறவர்கள் வேறோர் ஊரில். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே பாலம் போடுவதுதான் செய்தித் தொடர்பு என்னும் வேலை. நகரத்துக்குக் குழாயைப் படம் பிடித்துக் காட்டுவது அந்த வேலையில் பாதிகூட ஆகாது.

கேட்பதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு, சுற்றுச்சூழல் அநுமதி கொடுப்பதற்கு முன் பொதுஜனக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிப்பு சொல்கிறது. கூட்டத்துக்கு முப்பது நாளாவது முன்னால் பத்திரிகைகளில் விளம்பரம் செய்ய வேண்டும். பத்திரிகை எட்டாத இடங்களில் பறையறைந்தும் வானொலி, தொலைக்காட்சி மூலமும் தெரிவிக்க வேண்டும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை ஜனங்களின் பாஷையில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் அதே அறிவிப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. திட்டத்தைப் பற்றிய அறிக்கை முழுவதும் ஜனங்களின் பாஷையில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுருக்கம் மட்டும் வந்தால் போதும். தவிர, இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் ஆரம்பிக்கலாம் என்ற நிபந்தனையும் இல்லை. அதாவது, நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதியிருப்பது என்னவென்று தெரியாமலும், காலி நாற்காலிகளுக்கு முன்னாலும், ஜனங்களின் கருத்தைக் கேட்டு முடித்து விடலாம்! கேட்டாகி விட்டது என்று குறிப்பும் எழுதி விடலாம்.

பறை விஷயமும் மாறி விட்டது. தண்டோராப் போடும் வேலை தலைமுறை தலைமுறையாக ஒரு சாராரின் தலையிலேயே கட்டப்பட்டிருந்தது. அதை நிறுத்தும்படியும், வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கும்படியும் 2022-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதினார். மிகவும் நியாயமான காரியம். ஆனால், தண்டோராக்காரரிடம் இருந்த ஒரு சௌகரியம் ஒலிபெருக்கி வண்டிக்குக் கிடையாது. அவரைத் தெருமுனையில் நிறுத்தி, "என்ன சமாசாரம்? இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்கலாம். ஓடுகிற வண்டியை யார் நிறுத்துவது? ஆகையால், வண்டி போன பிறகு நின்று பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

அடுத்தது பாஷை. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரே சாஸனத்தைக் கிரந்த எழுத்தில் ஒரு சுவரிலும், நாகரி எழுத்தில் மற்றொரு சுவரிலும் செதுக்கியிருக்கிறார்கள். லிபி இரண்டு, பாஷை என்னவோ சம்ஸ்கிருதம் ஒன்றுதான். குப்பத்துக்காரர் இரண்டு சுவர்களையும் பார்த்துவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கும் மேலாகக் கழிந்த பிறகு, 2020-ல், 2006-ம் வருஷத்து அறிவிப்பையே மாற்றி எழுத ஒரு நகல் வெளியாயிற்று. அதுவும் இங்கிலீஷ், ஹிந்தி ஆகிய இரண்டில் மட்டும் வந்தது. தில்லி ஹைகோர்ட்டு ஜூன் 30-ம் தேதி தலையிட்டு, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 பாஷைகளிலும் அதை வெளியிடச் சொல்லிற்று. அபிப்பிராயம் தெரிவிக்கும் கெடுவையும் ஆகஸ்டு 11-ம் தேதி வரை நீட்டிற்று. ஜனங்களைக் கேட்பதற்காக வெளியிட்ட நகலை ஜனங்களுக்குப் புரியும்படி வெளியிடுவதற்கு ஒரு வழக்குத் தேவைப்பட்டது!

"மீனவரைக் கேட்டு என்ன ஆகப் போகிறது? நிபுணர்கள்தான் இருக்கிறார்களே!" என்று சிலர் நினைக்கலாம். நிபுணருக்குத் தெரியாத விஷயம் குப்பத்தில் இருக்கிறது. 2011-ம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, மீனவக் கிராமங்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் மீன் காயவைக்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. எந்த மணலில் மீன் காய்கிறது, புயற் காலத்தில் படகை எதுவரை இழுத்து வைக்கிறார்கள், வலையை எங்கே விரிக்கிறார்கள் என்பதை ஆகாயத்திலிருந்து எடுத்த படம் சொல்லாது. கருவாட்டுக் கூடையைச் சுமக்கும் அம்மாள் சொல்வாள். அவளைக் கேட்காமல் வரைந்த படத்தில் அந்த இடம் வெறும் மணலாகத்தான் இருக்கும். வெறும் மணலில் நாளைக்கு யார் வேண்டுமானாலும் கட்டடம் கட்டலாம். ஆகவே கேட்பது மரியாதைக்காக மாத்திரம் அல்ல. படம் உண்மையாக இருப்பதற்காகவுமாகும்.

இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1946-ல் சென்னை மாகாணத்தில் பிர்க்கா அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. 1952 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி ஜயந்தியன்று, தேசம் முழுவதற்குமாகச் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. சுமார் ஐந்து வருஷங்களில், ஜனங்களின் சொந்த முயற்சியை அது தட்டி எழுப்பவில்லை என்று பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி எடுத்துக் காட்டியது. நாமே தீர்மானித்து ஜனங்களுக்குச் சொன்னால் போதாது, தீர்மானிக்கும் அதிகாரமே கிராமத்துக்குப் போக வேண்டும் என்று பஞ்சாயத்து முறையை அது சிபார்சு செய்தது.

சரியாகச் செய்த உதாரணங்களும் உண்டு. 1956-ல் பூனாவை மையமாகக் கொண்டு, யுனெஸ்கோ உதவியுடன், சுமார் 150 கிராமங்களில் ரேடியோ மன்றங்கள் நடந்தன. கிராமத்தார் ஒன்றாக உட்கார்ந்து ஒலிபரப்பைக் கேட்பார்கள். பிறகு கலந்து பேசுவார்கள். தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அவற்றுக்கு ரேடியோவில் பதில் வரும். பேசுகிற பெட்டிக்குக் காதும் முளைத்தது! நம் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் புதுச்சேரிக்கு அருகில் வீராம்பட்டினம் இருக்கிறது. 1998-ல் ஆரம்பித்த சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணக்கு, அங்கே தமிழில் ஒலிபெருக்கி மூலம் ஒலித்தது. கடலுக்குப் போகிறவனுக்குத் தேவையான செய்தி, தேவையான நேரத்தில், அவன் பேச்சிலேயே கிடைத்தது. அதே முயற்சியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில், 2004 டிஸம்பர் 26-ம் தேதி, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசிச் செய்தியை அந்த ஒலிபெருக்கியே ஊருக்குச் சொல்லிற்று. ஊரார் ஓடித் தப்பினார்கள். ஒலிபெருக்கி தங்களுடையது என்ற எண்ணம் ஊராருக்கு இருந்தது. ஆகையால் ஆபத்துக் காலத்தில் அதை எடுத்து உபயோகிக்கத் தயங்கவில்லை.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமானால், பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்தரமேரூருக்குப் போகலாம். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, சபையின் விதிகளை எல்லாரும் கூடும் மண்டபத்துச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். குடத்திலிருந்து எடுத்த ஓலையை உரக்கப் படிக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்பவையும் அந்த விதிகளில் அடக்கம். அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பது மெய்தான். ஆனாலும், விதியை மறைவில் வைக்கக் கூடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

இப்போது செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. அறிக்கை முழுவதும் தமிழில் வரட்டும். குப்பங்களின் பெயர்களோடு கூடிய வரைபடத்தைப் படகு நிறுத்தும் இடத்திலேயே விரித்து வைக்கட்டும். மீன் விலைபோகும் நேரம் கழிந்து, பெண்களும் வரக்கூடிய வேளையில் கூட்டம் கூட்டட்டும். ஜனங்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, ஏற்றுக் கொண்டோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டட்டும். இந்தக் கடைசிக் காரியம் நடந்தால்தான், கேட்டது கேட்டதாகும்.

நேயர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. படித்தவர்கள் அங்கே போகாமல், "நமக்கு எதற்கு?" என்று வீட்டில் இருந்து விடுகிறோம். ஒரு தடவை போய், மேஜை மேலிருக்கும் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். புரியாத இடத்தில் நிறுத்தி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று அதிகாரியைக் கேட்கலாம். சுதந்திரம் பெற்ற தேசத்தில் அதைக் கேட்க எந்தப் பிரஜைக்கும் பாத்தியதை உண்டு. பதில் சொல்லும் கடமை சர்க்காருக்கு உண்டு.