ஒரே ஒரு அமினோ அமிலம்... ரத்த அணுவை அரிவாளாக வளைப்பது எப்படி?

சூடான ரசத்தில் இரண்டு சொட்டு நெய் விட்டுப் பாருங்கள். தனித்தனியாக மிதக்கும் சொட்டுகள் கொஞ்ச நேரத்தில் ஒன்றாகிவிடும். நெய்க்கு நெய் மேல் பாசம் என்று அர்த்தமில்லை. தண்ணீருக்கும் நெய்க்கும் ஒத்துவராது, அவ்ளோதான். தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு, சேராததை ஓரங்கட்டுகின்றன. ஓரங்கட்டப்பட்டவை ஒன்றுசேர்கின்றன.

உடம்புக்குள் ஒரு புரதம் எப்படி மடியும், எதோடு ஒட்டும், எதை விட்டு விலகும் என்பதில் பெரும்பங்கு இந்த 'ஒத்துவராத' விஷயத்துக்குத்தான். மீதியில் முக்கியமானது மின்னூட்டம். ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு மாறினால் என்ன ஆகும்? சிக்கிள் செல் அனீமியா எனப்படும் அரிவாள் செல் ரத்தசோகையைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆறாவது இடத்தில் ஆள்மாறாட்டம்

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொரு பீட்டா சங்கிலியிலும் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது குளுட்டாமிக் அமிலம். எதிர்மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு நன்றாகப் பழகும். டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறினால், அதாவது 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்தால், அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேலினுக்கு மின்னூட்டமும் கிடையாது, தண்ணீரும் ஆகாது. நெய் சொட்டு கேஸ்தான்.

ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கும்வரை பிரச்சினை வெளியே தெரியாது. திசுக்களில் அதை இறக்கிவைத்ததும் ஹீமோகுளோபினின் வடிவம் லேசாக மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறில், தண்ணீருக்கு ஆகாத ஒரு சின்னக் குழி திறந்துகொள்கிறது. வேலின் அதில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி, 14 இழைகள் முறுக்கிய கயிறு போல நீள்கிறது. உள்ளே கயிறு விறைத்தால் வெளியே ரத்த அணு வளையாமல் என்ன செய்யும்? வளைந்து நெளிந்து நுண்குழாய்களுக்குள் போக வேண்டிய அணு, அரிவாள் மாதிரி விறைத்துப்போய் வழியை அடைக்கிறது. எலும்பு, நெஞ்சு, வயிறு என்று தாங்க முடியாத வலி. சாதாரண சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இவை 10 முதல் 20 நாளில் உடைந்துபோகின்றன. ரத்தசோகை வருவது இப்படித்தான்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அதே ஆறாவது இடத்தில் வேலினுக்குப் பதில் லைசின் வந்தால் அது வேறு கதை. லைசின் நேர்மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போகும். 'ஹீமோகுளோபின் சி' எனப்படும் அந்த வகையில் பாதிப்பு மிகவும் லேசானது. மாறியது அதே இடம்தான். என்ன குணமுள்ள ஆள் வந்து உட்கார்ந்தார் என்பதுதான் விஷயம்.

நோயாளிகளிடம் 'தண்ணீர் நிறையக் குடிங்க' என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கும் காரணம் இந்த வேதியியல்தான். அணுவுக்குள் நீர் குறைந்தால் ஹீமோகுளோபின் நெருக்கமாகிவிடும். செறிவு கொஞ்சம் கூடினாலே, கயிறு திரியும் வேகம் பல மடங்கு எகிறும்.

நீலகிரி வரை நீளும் கதை

சாதாரண ஹீமோகுளோபினும் அரிவாள் ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வெவ்வேறு விதமாக நகர்கின்றன என்று 1949இல் லைனஸ் பாலிங் குழு காட்டியது. காணாமல்போன மின்னூட்டமே காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று நிறுவப்பட்ட முதல் சம்பவம் அது. மாறியிருப்பது ஒற்றை அமினோ அமிலம்தான் என்பதை வெர்னான் இங்க்ராம் சில ஆண்டுகளில் கண்டுபிடித்தார். இடையில் 1952இல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு இருப்பதைப் பதிவுசெய்தார்கள். இந்தியாவில் இது அறியப்பட்டது அப்படித்தான், நம்ம மலையிலிருந்து.

70 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023 ஜூலையில், மத்திய அரசு தேசிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடி பேருக்குப் பரிசோதனை, 2047க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. பல கோடிப் பேருக்குப் பரிசோதனை நடந்துவிட்டது. அட்டைகளும் கொடுக்கிறார்கள். ஜாதகத்துக்கு முன்னால் அட்டையைப் பொருத்திப் பாருங்கள் என்பது பிரச்சாரம். பெற்றோர் இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. ஆகவே எச்சரிக்கை தவறில்லை. ஆனால் ஏற்கெனவே நோயோடு வாழ்பவருக்கு அட்டை என்ன செய்யும்?

அவருக்கு வேண்டியது மருந்து. அதுவும் புதிதல்ல. கருவில் இருக்கும்போது பீட்டாவுக்குப் பதிலாக காமா சங்கிலி கொண்ட ஹீமோகுளோபின்தான் ஓடுகிறது. அது கயிறு திரிவதைத் தடுக்கும். பிறந்த சில மாதங்கள் குழந்தைக்கு அறிகுறி தெரியாததற்குக் காரணமும் அதுதான். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை இந்தக் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. வலி தாக்குதல்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைவதை 1995இலேயே ஆய்வு காட்டிவிட்டது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்கெவி' மரபணுத் திருத்தச் சிகிச்சையும் கருக்கால ஹீமோகுளோபினைத் தட்டியெழுப்பும் வேலையைத்தான் செய்கிறது, இன்னும் வலுவாக. விலை 22 லட்சம் டாலர். மாத்திரையோ காப்புரிமை தீர்ந்த பழைய சரக்கு.

ஆகவே இந்தத் திட்டத்தின் மதிப்பெண்ணை எத்தனை பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள் என்பதில் மட்டும் பார்ப்பது பத்தாது. ஹைட்ராக்ஸியூரியாவை எத்தனை பேர் விடாமல் சாப்பிடுகிறார்கள் என்ற எண்ணை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். மாத்திரையோடு வேலை முடியாது. அது வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது, அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை கட்டாயம். பந்தலூர்ப் பக்கம் ஒரு பாடியில் தினக்கூலிக்குப் போகிறவர், இதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டு பஸ் பிடிக்க வேண்டியிருந்தால், மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார். பரிசோதனை அவர் ஊர் துணை சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும்.

இன்னொன்று, பச்சிளம் குழந்தைகள். முகாம்களில் முதலில் செய்யும் கரைதிறன் சோதனை அவர்களிடம் பலிக்காது, கருக்கால ஹீமோகுளோபின் நோயை மறைத்துவிடும். அவர்களுக்கு ஹெச்பிஎல்சி போன்ற கருவிச் சோதனைதான் வழி. பழங்குடிப் பகுதி அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, உலர்த்தி அனுப்பினால் போதும்.