சச்சின் பாடவில்லை!

பிள்ளை பிறந்ததும் வீட்டில் முதல் பேச்சு பெயரைப் பற்றித்தான். பாட்டி ஒரு பெயர் சொல்வார். மாமா ஒரு பெயர் சொல்வார். முன்பெல்லாம் தாத்தா பெயரோ, குலதெய்வத்தின் பெயரோ வைத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. இப்போது சினிமா நட்சத்திரத்தின் பெயரும், கிரிக்கெட் வீரரின் பெயரும் போட்டிக்கு வந்துவிட்டன.

வைக்கட்டும். அதில் தவறே இல்லை. ஆனால், பெயரை வைத்துவிட்டு, "அவரைப்போல நீயும் ஆகவேண்டும்" என்று பிள்ளையின் தலையில் மூட்டையை ஏற்றுகிறார்களே, அதுதான் நமக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு உலகம் அறிந்த ஒருவரின் கதையையே சொல்லலாம்.

இசை அமைப்பாளர் பெயர்

சச்சின் தெண்டுல்கர் 1973-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி மும்பையில் பிறந்தார். தகப்பனார் ரமேஷ் தெண்டுல்கர் மராத்திக் கவிஞர், கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு ஒரு இசை அமைப்பாளர் மீது அளவு கடந்த பிரியம். அந்த இசை அமைப்பாளர்தான் சச்சின் தேவ் பர்மன்.

எஸ்.டி.பர்மன் என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். திரிபுரா ராஜ குடும்பத்தைச் சேர்ந்தவர். 1906-ம் ஆண்டு கொமில்லா என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. 1969-ல் வெளிவந்த "ஆராதனா" இந்திப் படத்துக்கு இசை அமைத்தவர் இவரே. இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாத நம் ஊர்க்காரர்களும் அந்தப் படத்தின் பாட்டுகளை முணுமுணுத்தார்கள்!

அவருடைய பெயரை ரமேஷ் தம் மகனுக்கு வைத்தார். சரி, பிறகு என்ன செய்தார்? "நீ பாடித்தான் ஆகவேண்டும்" என்று ஆர்மோனியத்தின் முன் உட்கார வைத்தாரா? இல்லை. தாம் கவிஞராயிற்றே, மகனும் கவிதை எழுதவேண்டும் என்றாரா? அதுவும் இல்லை.

சிறுவன் சச்சினுக்கு டென்னிஸ் மீது ஆசை. அமெரிக்க வீரர் ஜான் மெக்கன்ரோவைப்போல நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தான். பிறகு கிரிக்கெட் பிடித்துக்கொண்டது. அண்ணன் அஜித், 11 வயதுத் தம்பியை சிவாஜி பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பயிற்சி கொடுத்தவர் ரமாகாந்த் அச்ரேகர். அவர் எதிரில் நின்றதும் பையனுக்குக் கை நடுங்கியது. ஆட்டம் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை, அவன் கண்ணில் படாமல் நின்று பார்க்கும்படி அஜித் கேட்டுக்கொண்டார். அச்ரேகர் ஒரு மரத்தின் பின்னால் மறைந்து நின்று பார்த்தார். சேர்த்துக்கொண்டார்!

அந்தப் பையன்தான் 16 வயதில் இந்தியாவுக்காக ஆடினார். 2013-ல் ஓய்வு பெறுவதற்குள் சர்வதேசப் போட்டிகளில் 100 சதம் அடித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. பாட்டுக்காரரான பர்மனுக்கு விளையாட்டு என்றால் உயிர்! கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணிக்கு அவர் தீவிர ரசிகர். 1975 அக்டோபர் 31-ந் தேதி அவர் காலமானபோது, அவர் பெயரைச் சுமந்த குழந்தைக்கு இரண்டரை வயது. பின்னாளில் இரண்டு சச்சினுக்கும் தபால் தலை வந்தது. இசை சச்சினுக்கு 2007-ல். கிரிக்கெட் சச்சினுக்கு 2013-ல்.

கால்பந்து வீரர் ரொனால்டோ கதையும் இதேதான். 1985-ல் போர்ச்சுகல் நாட்டின் மதேரா தீவில் பிறந்தார். தகப்பனாருக்கு அமெரிக்க நடிகர் ரொனால்ட் ரீகனைப் பிடிக்கும். ஆமாம், பிறகு அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவர்தான்! அந்தப் பெயரை மகனுக்கு வைத்தார். மகன் நடிகரும் ஆகவில்லை, ஜனாதிபதியும் ஆகவில்லை. பந்தை உதைத்தே உலகப் புகழ் பெற்றார்.

கேலிக்கு ஆளான பையன்

எல்லாருக்கும் இப்படி அமைந்துவிடாது. அமெரிக்காவில் 1987-ல் ஒரு குழந்தை பிறந்தது. தகப்பனார் பெயர் மைக்கேல் ஜோர்டன். குழந்தைக்கும் அதே பெயர். அதே காலத்தில் இன்னொரு மைக்கேல் ஜோர்டன் கூடைப்பந்து ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். விளைவு என்ன? இந்தப் பையன் போகும் இடமெல்லாம் கேலி! பெயரை மாற்றிவிடலாமா என்றுகூட நினைத்தானாம். கடைசியில் மாற்றவில்லை. நாம் இனிஷியல் போடுவதுபோல, பகாரி என்ற நடுப்பெயரின் முதல் எழுத்தை நடுவில் வைத்துக்கொண்டான். மைக்கேல் பி. ஜோர்டன் என்ற பெரிய நடிகர் இன்று அவர்தான். 2015-ல் வந்த "கிரீட்" படத்தில் குத்துச்சண்டை வீரராக நடித்தார். கூடைப்பந்து வீரராக அல்ல!

நம் பக்கத்திலேயே ஸ்ரீகாந்துகள் எத்தனை பேர்! 1965-ல் "வெண்ணிற ஆடை" படத்தில் அறிமுகமான நடிகர் ஒருவர். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 38 ரன் எடுத்த சென்னை வீரர் ஒருவர். 2002-ல் "ரோஜாக்கூட்டம்" படத்தில் வந்தவர் ஒருவர். 2021 உலக பாட்மிண்டன் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய ஆந்திர வீரர் ஒருவர். பெயர் ஒன்று, தொழில் வேறு. யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பெயரும் ஒன்றாக, தொழிலும் ஒன்றாக இருந்தால்தான் சங்கடம். சுனில் கவாஸ்கர் தம் மகனுக்கு வைத்த பெயர் ரோஹன் ஜெய்விஸ்வா. ஒரு பெயருக்குள் மூன்று கிரிக்கெட் வீரர்கள்! மேற்கிந்தியத் தீவு வீரர் ரோஹன் கன்ஹாய், ஐதராபாத் வீரர் ஜெய்சிம்மா, கர்நாடக வீரர் விஸ்வநாத். (விஸ்வநாத், பையனுக்கு அத்தையின் கணவரும்கூட!) மூவர் பெயரோடு, 10,122 டெஸ்ட் ரன் குவித்த தகப்பனாரின் பெயரும் சேர்ந்துகொண்டது. ரோஹனும் நல்ல ஆட்டக்காரரே. வங்காள அணிக்குப் பல ஆண்டுகள் ஆடினார். இந்தியாவுக்காக 11 ஒருநாள் போட்டிகளில் ஆடினார். டெஸ்ட் ஆட வாய்ப்பு வரவில்லை. வேறு எந்த வீட்டிலாவது இந்தியாவுக்காக 11 போட்டி ஆடிய பிள்ளையைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருப்பார்கள். இவரைப் பார்த்தவர்களோ, "அப்பாவைப்போல இல்லையே" என்றார்கள். இது என்ன நியாயம்?

2023-ல் இந்தியாவில் உலகக் கோப்பை நடந்தபோது நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திரா 3 சதம் அடித்து, 578 ரன் குவித்தார். பெங்களூரிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். உடனே நம் ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். ராகுல் திராவிடின் "ரா", சச்சினின் "சின்", இரண்டும் சேர்ந்து ரச்சின்! கிரிக்கெட் வீரராக்கவே வைத்த பெயர் என்று ஊரெல்லாம் பேச்சு.

தகப்பனாரைக் கேட்டார்கள். அவர் அப்படி ஒன்றும் இல்லை என்றார். மனைவி சொன்ன பெயராம். கேட்க நன்றாக இருந்தது, எழுதவும் சுலபம் என்று வைத்துவிட்டார்களாம். இரண்டு வீரர்களின் பெயரும் அதற்குள் இருப்பது சில வருஷம் கழித்துத்தான் அவர்களுக்கே தெரிந்ததாம்!